ரிலீஸும் ஸ்டேபிளும்: ஃப்ரீபிஎஸ்டி புதுப்பிப்பில் கிளைத் தேர்வு

1. கேள்வி

ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தின் மூலநிரல் மூன்று வகைக் கிளைகளில் வளர்கிறது. புதிதாக எழுதப்படும் எதுவும் முதலில் வந்து சேர்வது 'கரண்ட்' எனப்படும் முதன்மைக் கிளையில். இப்போதைய நடைமுறையில் ஏறத்தாழ இரண்டாண்டுக்கு ஒருமுறை அதிலிருந்து ஒரு பெரும்பதிப்பு பிரிகிறது. 13, 14 என்று எண் பெறும் அந்தக் கிளைதான் 'ஸ்டேபிள்'. ஸ்டேபிளிலிருந்து 14.0, 14.1 என ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தனித்தனியே 'ரெலெங்' கிளை பிரிக்கப்படுகிறது. அதில் உருவாகிப் பயனர் கைக்கு வருவது 'ரிலீஸ்'.

பரவலாகப் புழங்கும் விளக்கம் இவற்றை ஓர் ஆபத்து வரிசையாக அடுக்குகிறது: கரண்ட் ஆபத்தானது, ஸ்டேபிள் நடுத்தரம், ரிலீஸ் பாதுகாப்பானது. இதற்கு எதிரான இன்னொரு நம்பிக்கையும் உண்டு. திருத்தங்கள் தொடர்ந்து வந்துகொண்டிருப்பதால் சர்வருக்கு உகந்தது ஸ்டேபிள்தான், ரிலீஸ் என்பது என்றோ உறைந்துபோன பழைய நிரல் என்பது அது. இரண்டுமே நிரலின் தரத்தை மட்டும் அளவுகோலாகக் கொள்கின்றன. கிளைகளின் வரலாற்றையும் அண்மைக்காலப் பிழை நிகழ்வுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வேறொரு அளவுகோல் தெரியவருகிறது. ஒரு பிழை வெளிப்பட்ட பிறகு அதற்கான திருத்தம் எந்த வழியில், வேறு எவற்றோடு சேர்ந்து, யார் சோதித்த பின் ஓர் இயந்திரத்தை அடைகிறது என்பதே கிளைகளுக்கு இடையிலான முதன்மை வேறுபாடு.

2. கிளைகள் பிறந்த சூழல்

ஃப்ரீபிஎஸ்டி 1.0 வெளிவந்தது 1993 நவம்பரில். யூனிக்ஸ் உரிமை தொடர்பான வழக்கு 1994இல் சமரசத்தில் முடிந்ததும், 4.4பிஎஸ்டி-லைட் மூலநிரலின்மீது மறுபடி கட்டப்பட்ட 2.0 அதே ஆண்டு நவம்பரில் வந்தது. அதுவரை ஒரே பாதையில்தான் வளர்ச்சி நடந்தது. 1995 ஜூனில் 2.0.5 வெளியான பிறகே பாதை இரண்டாகப் பிரிந்தது: 2.1 ஸ்டேபிளாகப் பராமரிக்கப்பட, புதிய வேலைகள் 2.2ஐ நோக்கிய கரண்டில் தொடர்ந்தன. வணிகச் சர்வர்களை நடத்துவோர் ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தில் திருத்தங்களை மட்டும் எதிர்பார்த்தனர்; நிரலாளர்களோ அடித்தளத்தையே மாற்றி எழுத விரும்பினர். ஒரே பாதையில் இருவருக்கும் இடம் போதவில்லை.

இந்த ஏற்பாட்டுக்குக் கடுமையான சோதனையாக அமைந்தது ஐந்தாம் பதிப்பு. நான்காம் பதிப்பின் ஸ்டேபிள் கிளை 2000 மார்ச்சில் பிரிந்தது. பல செயலிகள் ஒரே நேரத்தில் கெர்னலுக்குள் வேலைசெய்ய ஏதுவாக, கெர்னலின் பூட்டு முறையை அடியோடு மாற்றும் பெரும்பணி கரண்டில் தொடங்கியது. பணி நீண்டுகொண்டே போனது. 2003 ஜனவரியில் 5.0 வெளியானபோதும் ஸ்டேபிள் கிளை பிரிக்கப்படவில்லை, 5.1, 5.2 ஆகியவையும் கரண்டிலிருந்தே நேரடியாக வெளிவந்தன. புதிதாக முயன்று பார்ப்போருக்கானவை இவை என்ற எச்சரிக்கையும் உடன் வந்தது. ஐந்தாம் பதிப்பின் ஸ்டேபிள் கிளை 2004 ஆகஸ்டில்தான் பிரிந்தது, அதன் முதல் வெளியீடான 5.3 நவம்பரில் வந்தது. இடைப்பட்ட நாலரை ஆண்டுகளில் 4.8, 4.9, 4.10 என்று பழைய கிளையே உலகெங்கும் சர்வர்களைத் தாங்கியது. மாத் டில்லன் 2003இல் நான்காம் பதிப்பிலிருந்து டிராகன்ஃபிளை பிஎஸ்டியைத் தனியே பிரித்துக்கொண்டு போனதற்கும் இந்தத் திசைமாற்றத்தின் மீதான கருத்து வேறுபாடே காரணம்.

கரண்டுக்கும் ஸ்டேபிளுக்கும் இடைவெளி விரியும்போது இரண்டும் சேர்ந்தே பலவீனமாகின்றன என்பதை இக்காலகட்டம் காட்டியது. கரண்டில் எழுதிய திருத்தத்தை முற்றிலும் வேறான பழைய கெர்னலில் பொருத்த முடியாது. ஸ்டேபிள் பயனர்கள் கண்டறியும் பிழைகளும் புதிய நிரலுக்குப் பயன்படாமல் போகும். அதன்பின் வெளியீடுகள் அம்சங்களுக்காகக் காத்திராமல் காலத்தை ஒட்டித் திட்டமிடப்பட்டன. 6.0 ஓராண்டிலேயே, 2005 நவம்பரில், வந்துவிட்டது.

3. ஸ்டேபிள் தரும் உறுதி

ஸ்டேபிள் கிளைக்கு ஒரு மாற்றம் வரும் வழி வரையறுக்கப்பட்டது. நிரலாளர் முதலில் அதைக் கரண்டில் சேர்க்கிறார். மாற்றக் குறிப்பிலேயே 'ஒரு வாரத்துக்குப் பின் எம்எஃப்சி' என்பது போன்ற வரி இருக்கும். எம்எஃப்சி என்பது கரண்டிலிருந்து எடுத்துவந்து சேர்த்தலைக் குறிக்கும் சுருக்கம். அந்த நாட்களில் கரண்டை ஓட்டுவோரிடமிருந்து புகார் எதுவும் எழவில்லையென்றால் மாற்றம் ஸ்டேபிளில் இடம்பெறும். சோதனைக்குக் கிடைக்கும் அவகாசம் அவ்வளவுதான்.

அவகாசத்தைவிடக் கறாராகக் கடைப்பிடிக்கப்படுவது இன்னொரு நிபந்தனை: ஒரு பெரும்பதிப்பின் ஆயுள் முழுவதும் அதன் இருமநிலை இடைமுகம் உடையக்கூடாது. 14.0இல் தொகுத்த நிரல் பின்னர் வரும் எல்லா 14.x பதிப்புகளிலும் ஓட வேண்டும். இந்த நிபந்தனையின் எடையைப் புரிந்துகொள்ள ஐநோடு எண் விவகாரம் நல்ல சான்று. கோப்பு முறைமையில் ஒவ்வொரு கோப்புக்கும் உள்ள ஐநோடு எண் ஃப்ரீபிஎஸ்டியில் நீண்டகாலம் 32 பிட்டாக இருந்தது. அதை 64 பிட்டாக விரிக்கும் மாற்றம் 2017 மே மாதம் கரண்டில் சேர்ந்தது. கோப்பின் விவரங்களைத் திருப்பித்தரும் அடிப்படைத் தரவுக் கட்டமைப்பின் அளவே இதனால் மாறியது. அதன் தேவையையும் தரத்தையும் எவரும் மறுக்கவில்லை. ஆனாலும் பதினோராம் பதிப்பின் ஸ்டேபிளுக்கு அது கொண்டுவரப்படவில்லை. 2018 டிசம்பரில் வந்த 12.0 வரை பயனர்கள் காத்திருந்தனர். ஸ்டேபிளில் நிலையாக இருப்பது இந்த இடைமுகம். அதற்கு உள்ளே நிரல் அன்றாடம் மாறிக்கொண்டே இருக்கிறது: புதிய சாதன இயக்கிகள் வருகின்றன, வெளித்திட்டங்களின் நூலகங்கள் புதுப்பிக்கப்படுகின்றன, சில நாட்களில் தொகுப்பே உடைகிறது.

ஃப்ரீபிஎஸ்டியின் அதிகாரபூர்வக் கையேடும் ஸ்டேபிளை வளர்ச்சிப் பாதைகளில் ஒன்றாகவே வரையறுக்கிறது, இறுதிப் பயனருக்குரியதாகச் சொல்வதில்லை. பிற திட்டங்களிலிருந்து வருவோருக்கு இது குழப்பம் தருகிறது. டெபியனில் ஸ்டேபிள் என்பது வெளியிடப்பட்டு உறைந்த பதிப்பு. ஓபன்பிஎஸ்டியில் ஸ்டேபிள் என்பது வெளியீட்டுடன் முக்கியத் திருத்தங்களை மட்டும் சேர்த்தது. ஃப்ரீபிஎஸ்டி கணக்கில் அதற்கு நிகரானது ரெலெங் கிளை. வேறு திட்டத்தின் பழக்கத்தை அப்படியே கொண்டுவந்து ஃப்ரீபிஎஸ்டி சர்வரை ஸ்டேபிளில் நிறுத்துபவர், கேட்காமலே ஒரு வளர்ச்சிக் கிளையின் சோதனையாளர் ஆகிறார்.

4. ரெலெங் கிளையும் பேட்ச் எண்ணும்

வெளியீடு நெருங்கும்போது ஸ்டேபிள் கிளையில் மாற்றங்களின் வேகம் கட்டுப்படுத்தப்படுகிறது. பீட்டா பதிப்புகள் வருகின்றன. பின்னர் ரெலெங் கிளை பிரிக்கப்பட்டு, வெளியீட்டு வேட்பாளர்கள் எனப்படும் ஆர்சி பதிப்புகள் அதிலிருந்து வெளிவருகின்றன. அந்தக் கட்டத்திலிருந்து வெளியீட்டுப் பொறியியல் குழுவின் ஒப்புதலின்றி அக்கிளையில் எதுவும் சேராது. வெளியீட்டுக்குப் பின் அங்கே நுழைபவை இரண்டு வகை மட்டுமே: பாதுகாப்பு அறிவிப்புக்குரிய திருத்தங்கள், பிழை அறிவிப்புக்குரிய திருத்தங்கள். முதல் வகை ஊடுருவலைத் தடுப்பது; இரண்டாம் வகை தரவு இழப்பு, இயந்திர முடக்கம் போன்ற பெரும் பிழைகளுக்கானது. ஒவ்வொரு தொகுதித் திருத்தத்துக்கும் பேட்ச் எண் ஒன்று கூடுகிறது: 14.1-ரிலீஸ்-பி1, பி2 என்று.

இந்த எண்ணை வாசிப்பதில் அடிக்கடி ஒரு தடுமாற்றம் நேர்கிறது. புதுப்பிப்பை நிறுவி இயந்திரத்தை மறுதொடக்கம் செய்த பிறகும் யூநேம் கட்டளை பழைய எண்ணையே காட்டும். புதுப்பிப்பு தோற்றுவிட்டதென நினைத்து மறுபடி மறுபடி நிறுவிப் பார்ப்போர் உண்டு. யூநேம் காட்டுவது ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் எண். திருத்தம் ஒரு நூலகத்தையோ கட்டளையையோ மட்டும் தொட்டிருந்தால் கெர்னல் கோப்பு மாறாது, அதனுள் பதிந்த எண்ணும் மாறாது. இதற்காகவே பத்தாம் பதிப்பிலிருந்து ஃப்ரீபிஎஸ்டி-வெர்ஷன் என்ற தனிக் கட்டளை இருக்கிறது. நிறுவிய கெர்னல், ஓடும் கெர்னல், பயனர்வெளி ஆகிய மூன்றின் எண்ணையும் அது தனித்தனி வரிகளில் தரும். முதல் இரண்டும் பி3 என்றும் மூன்றாவது பி5 என்றும் வந்தால், கடைசி இரண்டு திருத்தங்களும் பயனர்வெளியை மட்டும் தொட்டவை என்று பொருள். அதில் கோளாறு எதுவும் இல்லை. நிறுவிய கெர்னலின் எண் ஓடும் கெர்னலின் எண்ணைவிடக் கூடுதலாக வந்தால் மறுதொடக்கம் பாக்கி இருக்கிறது.

ஸ்டேபிளில் பேட்ச் எண்ணே கிடையாது. பாதுகாப்பு அறிவிப்புகள் ஸ்டேபிளையும் உள்ளடக்கியவைதான். திருத்தம் எந்த நாளில் அக்கிளையில் சேர்ந்தது என்று அறிவிப்பில் இருக்கும். ஆனால் தம் இயந்திரத்தின் நிரல் அந்த நாளுக்கு முந்தையதா பிந்தையதா என்பதை நிர்வாகியே ஒப்பிட வேண்டும். பிந்தைய நிலைக்கு நகர்ந்தால் இடையில் சேர்ந்த மற்ற மாற்றங்கள் அனைத்தும் உடன் வரும். ஒரு துளையை மட்டும் அடைத்து மற்றதை அப்படியே வைத்திருக்கும் வசதி ரெலெங்கில் மட்டுமே முறையாகக் கிடைக்கிறது.

கொலின் பெர்சிவல் எழுதிய ஃப்ரீபிஎஸ்டி-அப்டேட் கருவி 2007 ஜனவரியில் வந்த 6.2 முதல் அடிப்படைத் தளத்தின் பகுதி. தொகுத்த கோப்புகளுக்கு இடையிலான வேறுபாட்டை மட்டும் இறக்கிப் பொருத்துவதால் பதிவிறக்கம் சிறியது. நிறுவியதைத் திரும்பப் பெறவும் வழியுண்டு. பீட்டா, ஆர்சி, ரிலீஸ் ஆகியவற்றுக்கு மட்டுமே அது வேலை செய்யும். ஸ்டேபிளைப் பின்தொடர்வோர் மூலநிரலைத் தாங்களே தொகுத்தாக வேண்டும் என்பதே நெடுங்காலம் நிலவிய நிலைமை.

5. பிழை நிகழ்வுகள் தரும் சான்று

ஆபத்து வரிசைக் கருத்துக்குச் சாதகமான வலுவான சான்று 2015 பிப்ரவரியில் கிடைத்தது. கரண்ட் கிளையில் சமவாய்ப்பு எண்களை உருவாக்கும் கெர்னல் பகுதி, சரியான விதை பெறாமலே ஏறத்தாழ நான்கு மாதங்கள் ஓடியிருந்தது. அந்தக் காலத்தில் கரண்ட் இயந்திரங்களில் உருவாக்கிய எஸ்எஸ்ஹெச் சாவிகள், சான்றிதழ்ச் சாவிகள் அனைத்தையும் தூக்கியெறிந்து புதிதாக உருவாக்கும்படி அறிவிப்பு வந்தது. இத்தகைய பிழை எந்த அடையாளமும் காட்டுவதில்லை: இயந்திரம் நிற்காது, பதிவுகளில் எச்சரிக்கை எழாது. ஒரு வாரமோ ஒரு மாதமோ காத்திருந்தால் எல்லாப் பிழையும் மேலே வந்துவிடும் என்ற நம்பிக்கையை இந்த நான்கு மாதங்கள் மறுக்கின்றன.

வயர்கார்டு நிகழ்வு வெளியீட்டுப் பணியின் இயல்பைக் காட்டுகிறது. கெர்னலுக்குள் இயங்கும் அந்த விபிஎன் நிரல் 2020 நவம்பரில் கரண்டில் சேர்ந்தது. 2021 ஜனவரியில் பதின்மூன்றாம் பதிப்பின் ஸ்டேபிள் பிரிந்தபோது அதுவும் கூடவே போனது. மார்ச் மாதம், 13.0 வெளியாக இருந்த தறுவாயில், வயர்கார்டின் மூல ஆசிரியர் ஜேசன் டோனன்ஃபெல்டும் ஃப்ரீபிஎஸ்டி நிரலாளர் கைல் எவன்ஸும் ஓபன்பிஎஸ்டி வடிவத்தை எழுதிய மாட் டன்வுடியும் அதை ஆராய்ந்து கடுமையான குறைகளைக் கண்டனர். ஒரு வாரத்துக்குள் பெரும்பகுதியைத் திருத்தியும் எழுதினர். ஆனாலும் திருத்திய வடிவத்தை அவசரமாக நுழைக்காமல் வயர்கார்டையே கிளைகளிலிருந்து நீக்கிவிட்டு 13.0 ஏப்ரல் 13 அன்று வெளியானது. அடிப்படைத் தளத்துக்கு அது திரும்பியது 2023 ஏப்ரலில் வந்த 13.2இல். குறையுள்ள நிரல் கரண்டைக் கடந்து ஸ்டேபிள் வரை எதிர்ப்பின்றி வந்திருந்தது என்பதை இங்கே மறக்கலாகாது. அதைத் தடுத்து நிறுத்தியது வெளியீட்டுக்கு முன் ஒருசிலர் உட்கார்ந்து வரிவரியாகப் படித்த உழைப்பு.

ரிலீஸ் என்பது கவசமாகாது என்பதற்கு 2023 நவம்பரே சான்று. 14.0 அறிவிக்கப்பட்டது அம்மாதம் 20ஆம் தேதி. ஓபன்இசட்எஃப்எஸ் கோப்பு முறைமையில், எழுதி முடியாத கோப்பை வாசிக்கும்போது தரவுக்குப் பதிலாகப் பூஜ்யங்கள் வந்துவிடும் பிழை அதே நாட்களில் வெளிப்பட்டது. முதலில் சந்தேகம் விழுந்தது புதிய தொகுதி நகலாக்க அம்சத்தின்மீது. 14.0 அந்த அம்சத்தை முடக்கியே வெளியிட்டிருந்தது. உண்மையான வேர் பல ஆண்டுகளாகப் பழைய பதிப்புகளிலும் ஒளிந்திருந்த தவறு என்பது ஆராய்ந்தபோது தெரிந்தது. இரு வாரத்துக்குள் பிழை அறிவிப்பும் திருத்தமும் வந்தன. நிரல் எத்தனை ஆண்டு பழையது என்பது இங்கே யாரையும் காக்கவில்லை. ரெலெங்கில் இருந்தோருக்குக் கிடைத்த நன்மை, திருத்தம் மட்டும் தனியாக, ஒரு கட்டளையில் வந்து சேர்ந்ததுதான்.

2024 மார்ச் 29 அன்று வெளியான எக்ஸ்இசட் சதி இன்னும் நுணுக்கமானது. சுருக்க நூலகமான எக்ஸ்இசட்டின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு பின்கதவு பொதிந்திருந்ததை ஆந்த்ரேஸ் ஃப்ராய்ண்ட் கண்டறிந்தார். ஆதரவிலிருந்த எல்லா ஃப்ரீபிஎஸ்டி ரிலீஸ்களிலும் இருந்தது அதற்கு முந்தைய பதிப்பு. கரண்டிலும் 13, 14 ஸ்டேபிள் கிளைகளிலும் 5.6.0 ஏற்கெனவே சேர்ந்துவிட்டிருந்தது. எனினும் தீங்கான கோப்புகள் இறக்குமதியின்போதே விடுபட்டிருந்தன; வெளித்திட்டத்தின் தொகுப்புக் கருவிகளை ஃப்ரீபிஎஸ்டி பயன்படுத்துவதுமில்லை; சதியின் இலக்கும் லினக்ஸ் இயந்திரங்களே. ஆகவே எவருக்கும் பாதிப்பில்லை. கிளைகளைப் பற்றிய கேள்விக்கு இதில் தெளிவான விடை இருக்கிறது. வெளித்திட்டங்களின் புதிய பதிப்புகளை உட்கொள்வதில் ஸ்டேபிள் கரண்டின் பக்கம் நிற்கிறது, ரிலீஸின் பக்கம் இல்லை. நடுப்படி என்ற உருவகம் இங்கே தகர்கிறது.

6. கரண்டில் ஓடும் சர்வர்கள்

ஆபத்து வரிசை முழு உண்மையாக இருந்தால் நெட்ஃப்ளிக்ஸின் முடிவு விளங்காத ஒன்றாகிவிடும். திரைப்படங்களைப் பயனர்களுக்கு அனுப்பும் அந்நிறுவனத்தின் சர்வர்கள், கரண்டை நெருங்கிப் பின்தொடரும் நிரலில் ஓடுகின்றன. 2019 ஃபாஸ்டெம் மாநாட்டில் ஜொனாதன் லூனி இதற்கான காரணத்தை விளக்கினார். முன்பு ஸ்டேபிளில் இருந்தபோது ஒவ்வொரு பெரும்பதிப்பு மாற்றமும் பெருஞ்சுமையாக இருந்தது. சொந்த மாற்றங்களை ஈராண்டு இடைவெளி கொண்ட நிரலோடு பொருத்த வேண்டியிருந்தது. அப்போது தென்படும் பிழையை எழுதிய நிரலாளர் அதை மறந்து வேறு வேலைக்குப் போயிருப்பார். சில வாரங்களுக்கு ஒருமுறை கரண்டோடு இணைத்தால் வேறுபாடு சிறியது, பிழைக்குக் காரணமான மாற்றம் புதியது, அதை எழுதியவரும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார்.

இந்த முடிவுக்குப் பின்னால் சோதனை இயந்திரங்கள் உண்டு, கெர்னலைத் திருத்தத் தெரிந்த பொறியாளர்கள் சம்பளத்தில் உண்டு, ஒரு சர்வர் விழுந்தால் வேலையை ஏற்கும் மற்றவை உண்டு. இவை இல்லாத சிறு அலுவலகம் ஒன்று நெட்ஃப்ளிக்ஸைக் காட்டிக் கரண்டையோ ஸ்டேபிளையோ தேர்வது தவறான ஒப்பீடு. ஸ்டேபிளுக்கு உரியவர்கள் இந்த இரு முனைகளுக்கும் இடையில் இருக்கிறார்கள்: அடுத்த வெளியீட்டைத் தம் வன்பொருளில் முன்கூட்டியே சோதித்துப் பிழை அறிக்கை அனுப்புவோர், ரிலீஸில் இன்னும் வராத ஒரு வலையட்டை இயக்கி இன்றே தேவைப்படுவோர், ஃப்ரீபிஎஸ்டியைத் தம் பொருளில் பொதித்து விற்போர். அப்படிச் சோதிப்போர் இல்லையேல் அடுத்த ரிலீஸ் யாரும் தொட்டுப் பார்க்காததாகவே வெளிவரும். அவர்கள் ஏற்கும் இடர் பிறருக்குப் பயன்படுவது. அறியாமல் அங்கே வந்து சேர்ந்தவரின் இடரோ யாருக்கும் பயன்படுவதில்லை.

7. கிளை மாறும் நடைமுறை

மூலநிரலிலிருந்து புதுப்பிக்கும்போது வரிசை முக்கியம். எச்சரிக்கைகள் தேதிவாரியாகத் தொகுக்கப்பட்ட 'அப்டேட்டிங்' கோப்பை முதலில் வாசிக்க வேண்டும். பயனர்வெளியையும் கெர்னலையும் தொகுத்த பின் கெர்னலை மட்டும் நிறுவி மறுதொடக்கம் செய்ய வேண்டும். அது எழுந்த பிறகே பயனர்வெளியை நிறுவ வேண்டும். புதிய கெர்னல் பழைய கட்டளைகளை ஓட்டும். பழைய கெர்னலில் இல்லாத அழைப்புகளைப் புதிய கட்டளைகள் நாடினால் இயந்திரத்துக்குள் நுழையவே வழியிராது. அதன்பின் அமைவுக் கோப்புகளை ஒன்றிணைத்துப் பழைய நூலகங்களை நீக்கலாம்.

ரிலீஸிலிருந்து ஸ்டேபிளுக்கு எந்நாளும் போகலாம். திரும்புவதுதான் சிக்கல். 14.1க்குப் பிந்தைய ஸ்டேபிளில் இருப்பவர் 14.1-ரிலீஸுக்குத் திரும்பினால் அது பின்னோக்கிய நகர்வு, அதற்கு ஆதரவில்லை. 14.2 வரும்வரை பொறுத்து அதற்கு முன்னேறுவதே ஒழுங்கான வழி. இசட்எஃப்எஸ் பயன்படுத்துவோர் புதுப்பிக்கும் முன் துவக்கச் சூழல் ஒன்றை உருவாக்கி வைத்தால் பழைய நிலையில் இயந்திரத்தை எழுப்ப முடியும். ஆனால் சேமிப்புக் குளத்தின் அம்சங்களை உயர்த்திவிட்டால் பழைய நிரல் அதை வாசிக்க மறுக்கக்கூடும். ஆகவே புதிய பதிப்பில் நிலைத்துவிட்டோம் என்று உறுதியாகும்வரை குளத்தைத் தொடாமல் இருப்பது நல்லது.

8. ஆதரவுக் காலமும் அண்மை மாற்றங்களும்

பதினோராம் பதிப்பு முதல் பதினான்காம் பதிப்பு வரை ஒவ்வொரு ஸ்டேபிள் கிளைக்கும் 5 ஆண்டு ஆதரவு என்பது கொள்கை. அதற்குள் வரும் ஒவ்வொரு ரிலீஸுக்கும் ஆதரவு, அடுத்தது வெளியாகி ஏறத்தாழ 3 மாதம் வரை மட்டுமே. 14.1 வந்தது 2024 ஜூனில், 14.0இன் ஆதரவு அவ்வாண்டு செப்டம்பருடன் முடிந்தது. எனவே ரிலீஸில் நிற்பவரும் ஓரிடத்தில் நின்றுவிட முடியாது.

நீண்ட ஆதரவுக்கு விலை உண்டு. பதின்மூன்றாம் பதிப்பு ஓபன்எஸ்எஸ்எல் 1.1.1உடன் வந்தது. அந்நூலகத்துக்கு அதன் ஆசிரியர்கள் தந்த பொது ஆதரவு 2023 செப்டம்பரில் முடிந்தது. பதின்மூன்றாம் பதிப்பின் ஆதரவோ 2026 ஏப்ரல் வரை அறிவிக்கப்பட்டிருந்தது. இடைமுக உறுதியை உடைக்காமல் நூலகத்தை மாற்ற முடியாததால், அந்த இடைவெளியின் சுமை தன்னார்வப் பாதுகாப்புக் குழுவின் தோளில் விழுந்தது. பதினைந்தாம் பதிப்பு முதல் ஆதரவுக் காலம் 4 ஆண்டாகக் குறைக்கப்பட்டது சரியான முடிவு.

இடைமுக உறுதி தளர்வாக இருக்கும் இடம் கெர்னல் கூறுகள். ஆதரவிலுள்ள மிகப் பழைய ரிலீஸில் தொகுத்த பொதிகளே அப்பெரும்பதிப்பின் எல்லாப் பயனர்களுக்கும் வழங்கப்பட்டன. சாதாரண மென்பொருளுக்கு இது பொருந்தியது. வரைகலை இயக்கி போன்ற கெர்னல் கூறுகளோ, புதிய ரிலீஸுக்கு மாறிய முதல் மூன்று மாதம் ஓடாமல் திரையை இருளாக்கின. 14.2ஐ ஒட்டி, கெர்னல் கூறுகளுக்கு மட்டும் ஒவ்வொரு ரிலீஸுக்கும் தனிக் களஞ்சியம் ஏற்பட்ட பிறகே இது தணிந்தது.

2025 டிசம்பரில் வந்த 15.0, அடிப்படைத் தளத்தையே பொதிகளாகப் பிரித்து நிறுவும் முறையை நிறுவியிலேயே தெரிவாகத் தருகிறது. ஸ்டேபிளுக்கும் கரண்டுக்கும் தொகுத்த பொதிகள் இதன்வழி கிடைக்கின்றன. ஸ்டேபிளைப் பின்தொடரத் தொகுப்பு உழைப்பு தேவை என்ற பழைய தடை இதனால் தாழ்ந்திருக்கிறது. ஒரு திருத்தத்தோடு மற்ற மாற்றங்களும் சேர்ந்தே வரும் இயல்பும், ரிலீஸுக்கு முந்தைய சோதனையை அங்கே இருப்பவரே செய்தாக வேண்டிய நிலையும் அப்படியே தொடர்கின்றன.